பாலிஷுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது சொரசொரவென்று தட்டுப்படும். கையின் ஈரமும் பிசுபிசுப்பும் மறைத்து வைத்திருந்ததை அந்தக் கவர் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீருக்கும் ஷாம்புவுக்கும் மசியாமல் பெயிண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அழுக்கு அது. நம் ஊரில் பெரும்பாலான கார்களுக்கு பாலிஷும் வாக்ஸும் இந்த அழுக்கின் மேல்தான் போடப்படுகின்றன.

ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் சென்னையில் எந்த வாட்டர் வாஷ் கடைக்குப் போனாலும் வரிசை நிற்கும். தண்ணீர் அடித்து, நுரை போட்டு, துடைத்த கையோடு பாலிஷ் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லியும் பயனில்லை. பின்னால் இன்னும் பத்து வண்டி காத்திருக்கிறது. கார் பளபளவென்று வெளியே வரும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். இரண்டு மழைக்குள் பளபளப்பு போய்விடும், வெயில் அடிக்கும்போது பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். "பாலிஷ் சரியில்லை" என்று குறைபட்டுக்கொண்டு அடுத்த தடவை விலை கூடின பாலிஷைத் தேடுவோம். பாலிஷில் கோளாறு இருப்பது அபூர்வம். அதற்கு முந்தைய வேலையைச் செய்யாததுதான் கோளாறு.

அந்த வேலை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கார் பெயிண்ட் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தகட்டின் மேல் முதலில் துரு பிடிக்காமல் காக்கும் பூச்சு. மின்சாரம் செலுத்தப்பட்ட தொட்டியில் வண்டியின் உடலை முழுதாக முக்கியெடுத்து அதை ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இவ்வளவும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், நம் காரின் மினுமினுப்பு முழுவதும் ஒரு மயிரிழைக்குள் அடங்கிவிடுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் இதே அடுக்குதான்.

பாலிஷ் என்பது இந்த அடுக்கைத் தேய்த்து எடுக்கும் வேலை. கீறலை அது நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைக் குறைத்து மட்டமாக்குகிறது. மெஷின் வைத்து ஒருமுறை ஒழுங்காகப் பாலிஷ் செய்தால் சில மைக்ரான் போய்விடும். போனது போனதுதான். வாக்ஸ் இதற்கு நேரெதிர். அது எதையும் எடுக்காமல் மேலே ஒரு மெல்லிய படலமாக உட்காருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் "பாலிஷ் போடுறது" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

புதுப்பேட்டையில் பல வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் ஒரு பெயிண்டர் அண்ணன் எனக்கு இதை எந்த அளவுமானியும் இல்லாமல் புரியவைத்தார். பூஜைக்கு முன் ரப்பிங், அதாவது பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பாலிஷ், போட்டுத் தரச் சொல்லி ஒருவர் வந்திருந்தார். வருடாவருடம் போடுவாராம். அண்ணன் வண்டியின் விளிம்புகளை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானட்டின் மடிப்பிலும் கதவின் ஓரத்திலும் நிறம் வெளிறியிருந்தது. "சார், ஒவ்வொரு ரப்பிங்கும் பெயிண்டைத்தான் எடுக்குது. இன்னும் எத்தனை தடவைதான் எடுப்பீங்க? அழுக்கை எடுத்துத் தரேன், அது போதும்" என்றார். வந்தவருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. எனக்கு அன்றிலிருந்து கார் பராமரிப்பைப் பற்றிய நினைப்பே மாறிவிட்டது. அழுக்கை எவ்வளவு சரியாக எடுக்கிறோமோ அவ்வளவுக்குப் பெயிண்டை எடுப்பது குறையும். நான் சொல்ல வந்ததெல்லாம் இதைத்தான்.

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டில் தனியாகக் கிளியர் கோட் கிடையாது. தேய்த்தால் துணியில் ஒட்டுவது காரின் நிறமேதான். துணி நிறம் மாறியதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கழுவுவதிலிருந்து தொடங்குவோம். வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் ஒரு வாளியும் ஒரு துணியும் கொண்டு வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துக்கொண்டே போவார். முதல் காரின் மணல் அந்தத் துணியோடு கடைசிக் கார் வரை பயணம் செய்கிறது. உலர்ந்த தூசியின் மேல் மஞ்சள் துணியை இழுப்பது இன்னும் மோசம். ஆனால் இதை அவர் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காருக்கு மாதம் நாம் கொடுக்கும் பணத்துக்கு, விடிவதற்குள் அத்தனை வண்டியையும் முடித்தாக வேண்டியவர் வேறு என்ன செய்வார்? நம் காருக்கென்று இரண்டு வாளி, நல்ல துணி, ஷாம்பு நாமே வாங்கி வைத்து, வாரத்தில் ஒருநாள் மட்டும் நிதானமாகக் கழுவச் சொல்லி, மற்ற நாட்களில் கண்ணாடியைத் தவிர எதையும் தொட வேண்டாம் என்றால் அவருக்கும் வேலை குறையும். மாதச் சம்பளத்தைக் குறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பாலிஷுக்கான கழுவல் என்றால் நானே இறங்கிவிடுவேன். நிழலில், பானட் ஆறிய பிறகுதான். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும். முதலில் துணியே படாமல் தண்ணீர், வெறும் தண்ணீர். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் உப்பும் இதிலேயே கரைந்து போகும். மெட்ரோ வேலை நடக்கிற சாலை ஓரம் வண்டி நின்றிருந்தால் சிமென்ட் தூசி படிந்திருக்கும். அதற்கு இன்னும் தாராளமாகத் தண்ணீர் வேண்டும். சக்கரங்களை முதலில், தனித் துணியால் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கிருக்கும் பிரேக் தூள் மேலே தெறிக்கும். அதன் பிறகு ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் தோய்த்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கி நேர்கோட்டில் இழுத்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி ஷாம்பு. அலசும் வாளியின் அடியில் கடைசியில் தங்கியிருக்கும் மணலை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு யாரும் ஒற்றை வாளியில் கார் கழுவமாட்டார்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியாக.

பாத்திரம் தேய்க்கும் திரவம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வாக்ஸை எடுக்க அது ஓரளவு உதவும் என்பதால் பாலிஷுக்கு முன் ஒருமுறை பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. எண்ணெய்ப் பசையை எடுப்பதற்காகவே தயாரித்தது; கண்ணாடி, கதவு ஓரங்களில் இருக்கும் ரப்பர் பீடிங்கையும் வறளச் செய்யும். வாக்ஸை எடுக்க வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், அதிலும் சென்னையில். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலை. நம் போர் தண்ணீர் பல பகுதிகளில் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தத் தண்ணீர் காரின் மேல் காய்ந்தால் தண்ணீர்தான் போகும். கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாக அங்கேயே உட்கார்ந்துவிடும். வெயில் ஏற ஏற அது இறுகும். இந்த வளையத்தைப் பாலிஷால் தேய்த்து எடுக்கப் பார்ப்பதுதான் நம் வழக்கம், அதாவது உப்பை எடுக்கப் பெயிண்டைச் செலவழிப்பது. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைச் சமபங்கு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, வளையத்தின் மேல் அரை நிமிடம் ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் கழுவினால் புதிதாகப் படிந்த உப்பு கரைந்து போகும். காயவிடக் கூடாது, வெயிலில் செய்யக் கூடாது. அதற்கும் போகாத வளையம் என்றால் கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வளையத்துக்கு மட்டும்தான் பாலிஷ்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுபவர்கள் பலர். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் மதிக்க வேண்டியது. ஆனால் சவ்வு வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குழாயில் வருவதைவிட உப்பு கூடின தண்ணீர் அது. வாசல் கழுவலாம், காருக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் அதில் கால்சியம் அநேகமாக இல்லை. சென்னையின் புழுக்கத்துக்கு இரவெல்லாம் ஏசி ஓடினால் வாளி நிறையும். துணியால் வடிகட்டி, கடைசி அலசலை மட்டும் அதில் செய்து பாருங்கள். துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் வளையம் விழாது. காசு செலவில்லாமல் இதைவிட நல்ல பொருள் கார் கடையில் கிடைக்காது.

கழுவி முடித்ததும் தேய்த்துப் போக்கக் கூடாத அழுக்குகளின் முறை. கரைய வேண்டியதைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரயில் தண்டவாளம் பக்கம் குடியிருப்பவர்களின் வெள்ளைக் காரை உற்றுப் பாருங்கள். மாம்பலம், குரோம்பேட்டை, எங்கேயானாலும். மிளகாய் விதையைவிடச் சின்னதாக ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரியும். கடற்கரை தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது; சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசும்போது பறக்கும் இரும்புத் துகள் காற்றோடு வந்து பெயிண்டில் குத்தி அங்கேயே துருப்பிடிக்கிறது. ரயிலே இல்லாத ஊரிலும் நம் பிரேக்கும் முன்னால் போகிற லாரியின் பிரேக்கும் இதே வேலையைச் செய்கின்றன. அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவத்தில் தயோகிளைகாலேட் என்ற பொருள் இருக்கிறது. முடியைச் சுருட்டவும் முடி நீக்கும் கிரீமிலும் பயன்படும் அதே குடும்பம், ஆகையால் அழுகிய முட்டை மாதிரி நாற்றம் அடிக்கும். ஆறிய பரப்பில் தெளித்தால் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாகி வழியும். நான்கைந்து நிமிடத்தில், காய்வதற்கு முன், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குத் தூய்மையாக இருந்த கதவிலிருந்து ஊதா வழிவதை முதன்முறை பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

தார்ப் புள்ளிக்கு டார் ரிமூவர். ஒற்றியெடுக்கும் அளவு நனைத்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, அந்த இடத்தைச் சோப்பால் கழுவ வேண்டும். பெட்ரோல் வேண்டாம்; பெயிண்டுக்கும் ஆகாது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பறவை எச்சத்தைக் காய்ந்தபின் சுரண்டுவதைவிடக் கெடுதல் எதுவுமில்லை. அதில் அமிலத்தன்மை உண்டு, அதோடு மணல் போன்ற துகளும் கலந்திருக்கும். வெயிலில் பெயிண்ட் விரிந்து சுருங்கும்போது மேலே இறுகிய எச்சம் தன் வடிவத்தைக் கிளியர் கோட்டில் பதித்துவிடும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் தானாக இளகி வரும். மாமரத்தடியில் நிறுத்துபவர்களுக்குத் தை, மாசியில் இன்னொரு தொல்லை. பூக்கொத்துகளை மொய்க்கும் தத்துப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற பிசினாகக் கழிக்கும். கீழே நிற்கும் கார் முழுக்கப் பிசுபிசுக்கும், விட்டுவைத்தால் அதில் கரும்பூஞ்சை படரும். வெந்நீர் அல்லாத மிதமான சூட்டுத் தண்ணீரும் ஷாம்பும் புதிதானதை எடுத்துவிடும். மரத்துப் பிசின் இறுகியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி.

பூஜை அன்று பானட்டில் வைக்கும் சந்தனத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காய்ந்த சந்தனத்தை விரலால் தட்டித் துடைத்தால் அதன் துகளே கீறும். குங்குமம் வெளிர் நிறப் பெயிண்டில் சாயம் விடும். கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்தால் சாமிக்கும் குறையில்லை, பெயிண்டுக்கும் குறையில்லை. எங்கள் வீட்டில் அம்மா முன்கண்ணாடி மூலையில் வைக்கச் சம்மதித்துவிட்டார்.

கரைவதெல்லாம் கரைந்த பிறகும் பிளாஸ்டிக் கவருக்குச் சொரசொரப்பு தட்டினால் கிளே பார். களிமண் போல இருந்தாலும் மண் இல்லை; மிருதுவான செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய உராய்வுத் துகள் கலந்தது. ஜப்பான்காரரான தடாவோ கொடாதே இதற்கு 1990களில் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். வளைந்து கொடுக்கும் சாணைக்கல் என்றே அந்த ஆவணத்தில் இதைப் பதிந்திருக்கிறார்கள். சாணைக்கல் என்று மனதில் வைத்துக்கொண்டால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது தானே விளங்கும். மூன்று விரல் அளவு எடுத்துத் தட்டையாக்கி, வழுக்குத் திரவமோ ஷாம்புத் தண்ணீரோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும். முதலில் கரகரவென்று பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கித் தானாக வழுக்கும். அந்த இடம் முடிந்தது. ஒட்டின அழுக்கு உள்ளே போகும்படி மடித்துப் பிசைந்து புது முகத்தோடு அடுத்த இடம். அடுத்த வீட்டுச் சுவருக்கு வண்ணம் தெளித்தபோது நம் காரில் படிந்த பெயிண்ட் தூவலைக்கூட இது எடுத்துவிடும். தரையில் விழுந்துவிட்டால் எவ்வளவு விலையானாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒட்டிய ஒரு மணல் போதும் கதவு முழுக்கக் கோடு போட.

கிளே பார் தானும் மெல்லிய உரசல் தடம் விடும், முக்கியமாகக் கறுப்பு, கருநீலக் கார்களில். ஆகவே கையில் இருக்கிறதே என்று மாதாமாதம் போடக் கூடாது. கவர் சோதனை கேட்டால் மட்டும், கேட்ட இடத்தில் மட்டும்.

துடைப்பதற்குத் தடிமனான மைக்ரோஃபைபர் துண்டு. ஓரத்து லேபிளைப் பிரித்துவிடுங்கள். அந்தத் துண்டைத் துவைக்கும்போது வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். இழைகளின் மேல் பூசிக்கொண்டு நீரை உறிஞ்சவிடாது. கதவு இடுக்கு, கைப்பிடி, கண்ணாடி மடிப்பு இங்கெல்லாம் ஒளிந்திருக்கும் தண்ணீர் பாலிஷ் போடும்போது வழிந்து வரும். காற்று ஊதியால் ஊதிவிட்டால் நிம்மதி.

இதற்குப் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து எல்லாப் பரப்பையும் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். நான்கில் ஒரு பங்கு ஆல்கஹால் போதும். முன்பு சொன்னேனே, பழைய வாக்ஸின் மிச்சமும் எண்ணெயும் இதில் போகும். மலிவான பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருந்தால் அதுவும் போய்க் கார் முதலில் இருந்ததைவிட மோசமாகக்கூடத் தெரியலாம். பயப்பட வேண்டாம், இதுதான் அதன் உண்மையான நிலை.

இப்போது எல்.இ.டி. டார்ச் ஒன்றை எடுத்துச் சாய்வாக அடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றி வட்ட வலை போலத் தெரிவது உண்மையில் எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்கள். ஒளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. நகம் மாட்டுகிற கீறல் ஆழமானது, பாலிஷால் அதைத் துரத்தக் கூடாது. மறுபடி பெயிண்ட் அடித்த கதவு எது, விளிம்பு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி உள்ள கடை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் விளிம்புகளில் பாலிஷ் படாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர், லோகோ எல்லாவற்றுக்கும் டேப் வேண்டும். பாலிஷ் அதில் வெள்ளையாகக் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

இவ்வளவும் முடிந்த இடத்தில் நிறுத்தி, பாலிஷ் தேவைதானா என்று முடிவு செய்யுங்கள். வெள்ளை, சில்வர் கார்களில் பெரும்பாலும் தேவைப்படாது. மங்கலாகத் தெரிந்ததெல்லாம் உப்பும் இரும்பும் பிசினும்தான் என்று புரிந்துவிடும். நேரே வாக்ஸ் போட்டு முடித்துவிடலாம், கிளியர் கோட் அப்படியே இருக்கும். கறுப்புக் காரில் கீறல் உறுத்தினால் மிக மெல்லிய பாலிஷை ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் முதலில் போட்டுப் பார்த்து, அது போதுமென்றால் அதோடு நில்லுங்கள். பாலிஷ் போட்ட பரப்பை மறுபடி ஆல்கஹால் கலவையால் துடைத்த பிறகுதான் வாக்ஸ். பூஜைக்கு முந்தின நாள் இதையெல்லாம் செய்ய நேரம் இருக்காது. புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஏசித் தண்ணீரைச் சனிக்கிழமை இரவே பிடித்து வைத்துவிடலாம்.